முடிச்சுப் போட்ட ஒயர்கள்

பழைய கார்களைப் புதுசாக்குவது அவன் தொழில். வெளியே பெயிண்ட் அடித்து மினுக்கிக் கொடுக்க ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆனால் பானெட்டைத் தூக்கினால் தெரிகிற அந்த எஞ்சின் குழியை, கம்பெனியிலிருந்து அன்று காலைதான் வெளியே வந்த மாதிரி ஆக்கித் தர அவனை விட்டால் ஆள் கிடையாது என்று பேர். பட்டறைக்காரர்கள் அவனுக்கு 'பளபளா' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். கிண்டலாக வைத்த பேர்தான். நாளாக ஆக அவனே போனை எடுத்து, "பளபளா பேசுறேன்" என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. அவன் அக்காவின் கார்.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்கே 'எக்ஸ்ரே அக்கா'. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வற்புறுத்தியவர்களிடம், "ஆளைப் பாத்ததும் உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு தொலைக்குது. அப்புறம் எப்படிக் கட்டிக்கிறது?" என்று சொல்லிச் சிரிப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கேயோ மரத்தில் மோதி மூக்கு நசுங்கிக் கிடந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள். சிவப்பு நிறம், இரண்டே பேர் உட்காரலாம், தரையோடு தரையாகப் பதுங்கியிருக்கும். நினைத்த இடத்தில் நின்றுவிடும் என்பதால் அதற்குக் 'கழுதை' என்று பேர் வைத்தாள். அன்றிலிருந்து அந்தக் கழுதையை எந்த மெக்கானிக்கிடமும் விட்டதில்லை. தம்பியிடம்கூட.

தம்பிக்குத் தலைவலி அதுதான். கழுதையின் பானெட்டைத் தூக்கினால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ரேடியேட்டரில் பொங்கி வழிகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு சலைன் பாட்டில் தலைகீழாகக் கட்டித் தொங்கும். அதிலிருந்து குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்று வளைந்து வளைந்து போகும். ஆக்சிலேட்டரை இழுத்துப் பிடிக்க எக்ஸ்ரே கட்டிலிலிருந்து கழற்றிய ஸ்பிரிங். காலையில் எஞ்சினைக் கிளப்ப இழுக்கிற சோக் கம்பியின் நுனியில் பழைய கோட்டின் பெரிய பொத்தான். இதெல்லாம் போதாதென்று ஒயர்களில் அங்கங்கே கட்டுத்துணியைக் கிழித்து வெள்ளை முடிச்சுகள். ஒன்றில் ஒரு முடிச்சு, இன்னொன்றில் இரண்டு, தடித்த ஒயர் ஒன்றில் வரிசையாக நாலைந்து.

"என்னக்கா, வண்டியை ஐ.சி.யூ.ல போட்டிருக்கியா?" என்பான்.

"ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"அப்போ வாயை மூடு."

ஒருமுறை அவள் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி ஏதோ இறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்து சேர்ந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் உங்க கைவண்ணம்தானா?" என்று கேட்டார். பட்டறையே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். அவனுக்கு மட்டும் காது மடல் சூடாகிவிட்டது. ஊருக்கெல்லாம் பளபளா, கூடப்பிறந்தவள் வண்டி குப்பைத்தொட்டி என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொல்வதுபோலவே பிறகு வெகு நாட்கள் அவனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் அக்கா கண் ஆபரேஷனுக்காக வெளியூர் கிளம்பினாள். கண்ணில் ஏதோ அழுத்தமாம், சின்ன ஆபரேஷன்தானாம். கூட வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தியின் வீடு அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்ததால், அவளோடு தங்கி வைத்தியம் முடித்துக்கொண்டு மெதுவாக வருவதாக ஏற்பாடு. நானும் வருகிறேன் என்றான். "நீ வந்து என்ன பண்ணப்போறே, என் கண்ணுக்குப் பட்டி பாத்து பெயிண்ட் அடிக்கவா?" என்று தட்டிக்கழித்துவிட்டாள். போகிற அன்று சாவியை அவன் கையில் கொடுத்தாள்.

"ரேடியேட்டர்ல லேசா சொட்டுது. குனிஞ்சு பாக்க முடியல. அதை மட்டும் பாத்து வை."

அதை மட்டும் என்றுதான் சொன்னாள். அவன் மனைவியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து பானெட்டைத் தூக்கியதும் அவனுக்குக் கை அரித்தது. ரேடியேட்டரைக் கழற்றினால்தான் சொட்டை அடைக்க முடியும். ரேடியேட்டரைக் கழற்றியதும் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு அப்பிய எஞ்சின் முழுசாகத் தெரிந்தது. பிசுக்கைத் துடைத்தால் துரு தெரிந்தது. துருவைப் பார்த்த பிறகு அவனால் சும்மா இருக்க முடியாது. இத்தனை வருஷமாகக் கிட்டே விடாத வண்டி இது. அக்கா திரும்பி வரும்போது, கண்ணும் சரியாகி வந்து நிற்கும்போது, பானெட்டைத் தூக்கிக் காட்டினால் எப்படி இருக்கும்? நினைத்த மாத்திரத்தில் அவனுக்குச் சிரிப்பு பொங்கியது.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, எஞ்சின் சங்கிலியில் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது? அண்ணி சொட்டு நிக்கணும்னுதானே சொன்னாங்க?"

"நிறுத்தத்தான் போறேன். இனிமே ஜென்மத்துக்கும் சொட்டாது."

"கேட்டுட்டுப் பண்ணுங்க."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லும். அதுக்கு என்ன தெரியும்?"

அவள் டிபன் கேரியரை வைத்துவிட்டுப் போனாள்.

வேலையில் இறங்கினால் அவனுக்கு ஊர் உலகம் மறந்துபோகும். வேறு யார் வண்டியாக இருந்தாலும் ஒரு நட்டைத் தொடுவதற்கு முன்னால் நாலா பக்கமும் போட்டோ எடுத்து வைப்பான். எந்த ஒயர் எந்த வழியாகப் போகிறது, எந்தக் கிளிப் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பிறகு சந்தேகம் வரக்கூடாது. கழுதைக்கு மட்டும் எடுக்கவில்லை. இந்த அலங்கோலத்தை மறுபடி வைக்கவா போகிறோம், இதற்கு எதற்குப் போட்டோ என்று தோன்றியது. சலைன் பாட்டிலைப் பிடுங்கிப் பெட்டியில் எறிந்தான். டியூபை, ஸ்பிரிங்கை, பொத்தானை எறிந்தான். ஒயர்களை அடியோடு அறுத்து, முடிச்சுகளோடு சுருட்டி அதே பெட்டியில் திணித்தான்.

குழி காலியானதும் நீராவி பீய்ச்சிக் கழுவினான். கம்பித் தூரிகையால் தேய்த்தான், பிறகு உப்புத்தாள், அதற்குப் பிறகு இன்னும் மெல்லிய உப்புத்தாள். இண்டு இடுக்கெல்லாம் விரல் நுனியால் தேய்த்ததில் நகக்கண் எரிந்தது. மோதலில் நெளிந்து அக்கா சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்திய தகடு ஒன்று இருந்தது. மேலெல்லாம் குழி குழியாக, அம்மை வந்த முகம் மாதிரி. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு பிடித்தான். பேட்டரி தட்டுக்கு அடியில் கம்பெனி அடித்த சிவப்பு, ஒரு ரூபாய் அகலத்துக்குச் சாயம் போகாமல் பிழைத்திருந்தது. அதை வைத்து அதே நிறத்தைக் கலந்தெடுத்தான். பிரைமர், அதன் மேல் சிவப்பு, அதன் மேல் வார்னிஷ். பிறகு புது ஒயர்கள். அக்கா குறுக்கும் நெடுக்குமாக இழுத்திருந்த வழியை விட்டுவிட்டு, கம்பெனி வரைபடத்தில் இருப்பதுபோல ஓரமாக, ஒரே கட்டாக, கறுப்பு உறைக்குள் கொண்டுபோனான். தன் வாழ்நாளில் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

எஞ்சினை மறுபடி இறக்க இடம் வேண்டியிருந்தது. மூலையில் கிடந்த பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொன்னான்.

அதற்கு மறுநாள்தான் அக்காவின் போன் வந்தது.

"என்னடா, ஒரே சத்தமா இருக்கு? பட்டறையிலயா?"

"ஆமாக்கா. ஆபரேஷன் என்ன ஆச்சு?"

"ஆச்சு. டாக்டர் ரொம்ப நல்லவரு. கையைப் பிடிச்சுக்கிட்டுதான் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"வலது கண்ணு போனது போனதுதானாம். இடதுல ஏதோ கொஞ்சம் வெளிச்சம் தெரியும். அதுவும் எத்தனை நாளைக்குன்னு அவருக்கே தெரியலையாம்."

அவன் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். மூக்கை உறிஞ்சினான்.

"அழுவாதடா. நானே அழல. இது என்ன இன்னிக்கா வந்துச்சு? ரெண்டு மூணு வருஷமாவே எல்லாம் வடிகட்டின மாதிரிதான் தெரிஞ்சுது."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ சாவியைப் பிடுங்கி வச்சுக்குவே. அதான் டிராஃபிக் ஜாஸ்தி, முட்டி வலின்னு ஏதோ ஒரு சாக்கு சொல்லி ஓட்டுறதை நிறுத்தினேன். நீயும் நம்பினே."

அவன் நம்பியது உண்மை. போன வருஷம் அவன் வீட்டுக்கு வந்தபோது மேஜைமேல் இருந்த தம்ளரைத் தட்டிவிட்டாள். அக்காவுக்கு எப்போதுமே அவசரம் என்று சிரித்தான். தன் பேத்தியின் போட்டோவைக் காட்டியபோது அதைப் பார்க்காமலே "அழகா இருக்கா" என்றாள். அப்போதும் அவன் ஒன்றும் நினைக்கவில்லை. வண்டிச் சாயத்தில் மயிரிழைக் கீறலைப் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கிறவன் அவன்.

"சரி, அதை விடு. கழுதை எப்படி இருக்கு? சொட்டு நின்னுச்சா?"

"நின்னுடுச்சு."

"வேற எதுலயும் கை வைக்கலையே? உன் கை சும்மா இருக்காதே, அதான் கேக்குறேன். இனிமே ஓட்ட முடியாது, தெரியும். ஆனா பானெட்டைத் தூக்கி வேலை பாக்க எனக்குக் கண்ணே வேண்டாம்டா. அதுக்குத்தானே கண்ணு மங்க ஆரம்பிச்சப்பவே முடிச்சு முடிச்சாப் போட்டு வச்சேன். ஒண்ணுன்னா லைட்டு, ரெண்டுன்னா ஹாரன். பொத்தானைத் தொட்டா சோக்கு. பாட்டிலைத் தூக்கிப் பாத்தா தண்ணி எவ்வளவு இருக்குன்னு கனம் சொல்லிடும். கண்ணை மூடிக்கிட்டு முழுசாக் கழட்டி மாட்டிப் பாத்துட்டேன், தெரியுமா? தினமும் காலையில அதுதான் பழக்கம். வந்ததும் ஷெட்டுல உக்காந்துடுவேன். பொழுது போயிடும்."

அவனுக்கு எதிரே, புது ஒயர்கள் ஒரு பிசிறு இல்லாமல் வழவழவென்று கறுப்பு உறைக்குள் போய்க்கொண்டிருந்தன.

"என்னடா, சத்தத்தைக் காணோம்? கை வச்சியா?"

"இல்லைக்கா" என்றான்.

அந்த ஒரு சொல்லைப் பிறகு அவன் எத்தனையோ தடவை மனசுக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறான். அப்போதே சொல்லியிருந்தால் அக்கா கத்தியிருப்பாள், திட்டியிருப்பாள், போனை வைத்திருப்பாள். மறுபடி கூப்பிட்டு, எது எது எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியும் இருப்பாள். அது அவனுக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் இரும்புக் கடைதான். போனை வைத்த கையோடு ஓடினான்.

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க பெட்டியா? அதுல என்ன, தெரியாம தங்கம் எதுவும் போட்டுட்டீங்களா?"

"ஒரு சலைன் பாட்டில். ஒரு ஸ்பிரிங். கொஞ்சம் ஒயர். ஒரு பொத்தான்."

"பொத்தானா?"

"கோட்டுப் பொத்தான்."

அவர் சிரிக்கப்போனவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிளாஸ்டிக்கெல்லாம் குப்பை லாரியில் போய்விட்டது. ஒயர்களை உரித்துச் செம்பை மட்டும் தனியாக எடுத்துக் கட்டியாகிவிட்டது. இரும்புக் குவியலைக் காட்டி, வேண்டுமானால் தேடிக்கொள்ளுங்கள் என்றார். அவன் முழங்காலிட்டுத் தேடினான். மூன்று ஸ்பிரிங்குகள் கிடைத்தன. அதில் எது அக்காவுடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறானே தவிர, ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை. மூன்றையும் ஜேபியில் போட்டுக்கொண்டு வந்தான்.

பட்டறைக்கு வந்து புது ஒயர்களில் முடிச்சுப் போட்டுப் பார்த்தான். லைட்டுக்கு ஒன்று, ஹாரனுக்கு இரண்டு. மூன்று எதற்கு? நாலைந்து இருந்ததே, அது எதற்கு? மனைவியைக் கேட்டான். "நான் எங்கே பாத்தேன்? நீங்கதானே கழட்டினீங்க" என்றாள். ஒயர் போகிற பாதையே மாறிவிட்ட பிறகு, முடிச்சு மட்டும் இருந்து என்ன பயன்? பரீட்சையில் தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் விடை எழுதுகிற மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டான்.

"வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. அவங்க கையை வச்சுத் தெரிஞ்சுக்கிற மாதிரி விட்டுடாதீங்க" என்றாள் மனைவி.

"நேர்ல சொல்றேன். போன்ல சொல்ற விஷயமா இது?"

நேரிலும் சொல்லவில்லை. அக்கா வந்து இறங்கிய அன்று, வீட்டுக்குக்கூடப் போகாமல், நேராகக் கழுதையிடம் கூட்டிப்போ என்று அடம்பிடித்தாள். மனைவிதான் தோளைப் பிடித்துப் பட்டறைக்கு அழைத்து வந்தாள். அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். இளைத்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள், பானெட்டுக்குள் வேலை பார்த்தால் கை துடைக்க.

"பெயிண்ட் வாசனை வருதே?"

"பட்டறைன்னா வராதாக்கா?" என்றான்.

வண்டியின் வெளிப்புறத்தை அவன் தொடவேயில்லை. அக்கா பக்கவாட்டைத் தடவிக்கொண்டே வந்தாள். மட்கார்டின் நெளிசலைக் கண்டுபிடித்து, "என்னடி கழுதை" என்று தட்டிக்கொடுத்தாள். பானெட்டின் பிடியை அவளே விடுவித்தாள், அவளே தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்தினாள். அதுவரைக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

கை உள்ளே போனது. பாட்டில் தொங்கிய இடத்தில் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்சம் கீழே போனது, ஓரத்துக்குப் போனது. வழி தெரியாத வீட்டுக்குள் இருட்டில் நுழைந்துவிட்டவர் சுவரைத் தடவுவதுபோல அந்தக் கை ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டு நின்றது. அம்மைத் தழும்புத் தகடு இருந்த இடத்தில் வெகு நேரம் நின்றது. அங்கே இப்போது கண்ணாடி மாதிரி வழவழப்பு.

"மேலே என் வண்டிதான்" என்றாள் மெதுவாக. "உள்ளே யாரு வண்டிடா?"

"உன்னுதுதான்க்கா."

"எப்போ பண்ணினே?"

"நீ போன அன்னிக்கே ஆரம்பிச்சேன்."

"அப்போ நான் போன்ல கேட்டப்போ?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ம்" என்றாள் அக்கா. பிறகு மறுபடியும் ஒரு தடவை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். இந்தத் தடவை வேகமாக, வாடிக்கையாளர் யாரோ சரிபார்ப்பதுபோல. "நல்லாப் பண்ணியிருக்கே. ஒரு பிசிறு இல்லை. ரொம்ப மெனக்கெட்டிருப்பே."

தோளிலிருந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. துணியை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "காபி போட்டுக் குடும்மா, தலை வலிக்குது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

வண்டியை அவள் வீட்டு ஷெட்டிலேயே கொண்டுபோய் நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனான். கையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொட வைத்துச் சொல்லிக்கொடுத்தான். அவளும் முரண்டு பிடிக்காமல் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்னது?"

"ஃப்யூஸ் பெட்டிக்கா."

"இது?"

"அதுவும் அதேதான், இந்தப் பக்கம்."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குடா. எதைத் தொட்டாலும் வழவழ. எது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நீ சொல்லு. எங்கே வேணும்னு சொல்லு, முடிச்சுப் போட்டுத் தர்றேன். பழைய மாதிரியே ஆக்கிடலாம்."

அவள் சிரித்தாள். "அந்த முடிச்செல்லாம் பாத்துப் பாத்துப் போட்டதுடா. கண்ணால பாத்துக்கிட்டு, கையால தொட்டுக்கிட்டு, ரெண்டையும் மனசுக்குள்ள சேத்து வச்சு. இப்போ எதை எதோட சேக்குறது? அது ஒருநாள்ல வந்ததில்லை. மறுபடி முதல்லேர்ந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை. வித்துடு."

"அக்கா..."

"சும்மா நின்னு துரு பிடிக்கிறதுக்கு, யாராவது ஓட்டட்டும். உன் வேலையை நாலு பேர் பாக்கட்டும்."

ஒரு பல் டாக்டர் வாங்க வந்தார். பானெட்டைத் தூக்கியதும் அவர் குனிந்து குனிந்து பார்த்தார். இப்படி ஒரு வேலையைத் தான் பார்த்ததேயில்லை என்றார்.

"என் தம்பி பண்ணினது" என்றாள் அக்கா. குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையான பெருமையோடுதான் சொன்னாள். அவனால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாவியைக் கொடுக்கும்போது டாக்டரிடம் ஒரு விஷயம் சொல்லிவைத்தாள். "மேட்டுல ஏறும்போது ரெண்டாவது கியர்ல லேசா முனகும். பயந்துடாதீங்க. அது பழக்கம்."

அந்த முனகலையும் அவன் சரிசெய்துவிட்டிருந்தான். சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தான். சொல்லவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் அடங்கிய பிறகு, "கழுதை மாதிரியே இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்த சமயம், பல் டாக்டர் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். பழைய கார்களின் கண்காட்சி ஒன்றில் கலந்துகொண்டாராம். சிறந்த எஞ்சின் அறை என்று கழுதைக்கு முதல் பரிசாம். "இது நியாயமா உங்களுக்குத்தான் சேரணும்" என்று பெரிய வெள்ளிக் கோப்பை ஒன்றை அவன் கையில் திணித்தார். பட்டறைக்காரர்கள் கைதட்டினார்கள். வெல்டர் விசிலடித்தான். இந்த மாதிரி ஒரு நாளுக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருப்பான்! டாக்டர் போனதும் கோப்பையை ஒரு சாக்கில் சுற்றி டூல்ஸ் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டான்.

மனைவிக்கு விஷயம் எப்படியோ தெரிந்துபோனது. "அண்ணிகிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க" என்றாள்.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் காட்டுறது?"

"இருக்கிற முகத்தை வச்சுக்கிட்டுதான். ஒருதடவை மறைச்சது போதாதா?"

போனான். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். இடது கண்ணிலும் இப்போது வெளிச்சம் இல்லை. விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லி, கோப்பையை அவள் மடியில் வைத்தான். கூடவே, இத்தனை நாளும் நெஞ்சுக்குள்ளேயே கிடந்ததையும் சொல்லிவிட்டான். "இந்தப் பரிசு எனக்கு வேண்டாம்க்கா. நான் பண்ணினது தப்பு. வண்டியைச் சொல்லல. உனக்குக் கண்ணு போயிட்டிருந்ததே எனக்குத் தெரியாம இருந்துச்சே, அதைச் சொல்றேன்."

அக்கா ரேடியோவை அணைத்தாள்.

"எனக்குக் கோபம் இருந்துச்சுடா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். இப்பவும் காலையில எழுந்தா கை சும்மா கிடக்குது. என்ன பண்றதுன்னு அதுக்குத் தெரியல." சொல்லிக்கொண்டே கோப்பையைத் தடவினாள். கைப்பிடிகளை, விளிம்பை, எழுத்துப் பொறித்த இடத்தை. அடிப்பாகத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றன. லேசாக ஆட்டிப் பார்த்தாள்.

"ஆடுதே?"

"எது?"

"கப்பு. அடியில நட்டு லூசு. வாஷரே போடல. பரிசு கொடுக்கிறவன் இதெல்லாம் பாக்க மாட்டானா? அந்த டிராயர்ல சின்ன ஸ்பேனர் இருக்கும், எடு. கத்திரிக்கோலும். அப்படியே அந்த அலமாரியில பழைய எக்ஸ்ரே படம் ஏதாவது ஒண்ணு."

பட்டறையில் எல்லா அளவிலும் வாஷர்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தான். முழுங்கிக்கொண்டு, கேட்டதை எடுத்துக் கொடுத்தான். யாரோ ஒருவருடைய விலா எலும்புகள் வெளிறித் தெரிந்த அந்தப் படத்திலிருந்து அவள் விரலாலேயே அளவெடுத்து ஒரு வட்டத்தை வெட்டினாள். நடுவில் மடித்து ஓட்டை போட்டாள். நட்டைக் கழற்றி, படத்துண்டைச் செருகி, மறுபடி திருகி இறுக்கினாள். விளிம்பில் கறுப்பாகக் கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது. அவன் கையைக் கட்டிக்கொண்டு, அவள் விரல்கள் எதைத் தொடுகின்றன, எப்போது நிற்கின்றன, எப்படித் திரும்புகின்றன என்று ஒன்றையும் விடாமல் கவனித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, சத்தத்தையே காணோம்?"

"பாத்துக்கிட்டிருக்கேன்க்கா."

அவள் கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. ஸ்பேனரையும் கத்திரிக்கோலையும் அவனிடம் நீட்டினாள்.

"எடுத்த இடத்துலயே வை" என்றாள். "மாத்தி வச்சுடாதே."

அவன் டிராயரைத் திறந்தான். ஸ்பேனர் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று ஒரு கணம் யோசித்து, அப்படியே வைத்து, மெதுவாக மூடினான்.